போட்டிக்குப் போகும் பனையோலைப் பெட்டி

இலங்கையில் கைப்பணியாளர்களுக்கான ‘சில்ப அபிமானி’ போட்டியைத் தேசிய அருங்கலைகள் பேரவை நடத்துகிறது. மாகாண மட்டத்தில் வெற்றிபெறும் ஆக்கங்கள் தேசிய மட்டத்துக்குச் செல்கின்றன.

வடக்கில் பெட்டி, கடகம், நீத்துப்பெட்டி இழைப்பவர்களில், போரில் துணையை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களும் உள்ளனர். அவர்களும் இதில் பங்குபற்றலாம். விபரங்களைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

போட்டிக்கு வைக்கும் பெட்டி தரையில் ஆடாமல் இருக்க வேண்டும். ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் சாயம் ஒட்டக்கூடாது. ஓலை நன்கு காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

விலையைச் சொல்லும்போது ஓலைக்கான செலவுடன் இழைத்த நாட்களின் கூலியையும் சேருங்கள். பரிசுச் சான்றிதழ் கையில் இருந்தால், பேரம் பேசுபவரிடம் அந்தக் கூலியை விட்டுக்கொடுக்காமல் கேட்கலாம்.