ஊர்மாறும் முன்கள வீரர்: ஒரு தொழிலின் வரலாறு

கால்பந்தின் வரலாறு பெரும்பாலும் கோப்பைகளின் வரலாறாகவும், அவற்றைத் தூக்கிக் காட்டிய பத்திருபது நட்சத்திரங்களின் வரலாறாகவும் எழுதப்பட்டுவிட்டதால், இரண்டு ஆண்டுக்கு ஓர் ஊர் என்று பத்துப் பன்னிரண்டு அணிகளுக்குக் கோல் அடித்துவிட்டு ஓய்வுபெறும் சாதாரண முன்கள வீரர், அதாவது எதிரணியின் கோலுக்கு அருகில் நின்று பந்தை உள்ளே தள்ளுவதையே வேலையாகக் கொண்டவர், அந்த வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறார். இத்தகையோர் மிகுதியாக உருவான நாடுகளுள் இத்தாலி முக்கியமானது. அவர்களுடைய அலைச்சலுக்கு நிலைகொள்ளாத சுபாவத்தையோ திறமைக் குறைவையோ காரணம் சொல்வது வழக்கம். ஆனால் அந்நாட்டின் பதிவு விதிகளைப் படித்துப் பார்த்தால், வீரர் எங்கே ஆடுவார் என்பதை அவருடைய கால்களைவிட அவர் பெயர் பதிவான தாள்தான் அதிகம் தீர்மானித்தது என்பது புலப்படும்.

1926-இல் வியாரெஜ்ஜோ நகரில் வகுக்கப்பட்ட சாசனம் இத்தாலியக் கால்பந்தில் பணம் பெற்று ஆடுவதற்கு முதன்முதலாக வழிவிட்டது. அதன் பின் நிலைபெற்ற ‘வின்கோலோ’ என்னும் கட்டின்படி, ஒரு கிளப்பில் பெயர் பதிந்த வீரர், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அந்தக் கிளப்பின் உடைமையாகவே இருந்தார். அவரை வைத்துக்கொள்வதும் விற்பதும் கிளப்பின் விருப்பம். விருதுநகர் மாவட்டத்து வாசகருக்கு இதை விளங்கவைக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. தீபாவளி கழிந்து ஆலைகள் மறுபடி திறக்கும்போதோ, வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று செலவு வரும்போதோ வாங்கிய அட்வான்ஸ், குரோஸ் கணக்கில் கிடைக்கும் கூலியில் சிறுகச் சிறுகக் கழிந்து முடியும்வரை தொழிலாளி அந்த ஆலையின் ஆளாகவே கருதப்படுவார். வேறோர் ஆலை அவரை அழைத்துக்கொள்ள விரும்பினால், பாக்கியை அடைத்துவிட்டுத்தான் அழைத்துக்கொள்ள முடியும். தொழிலாளியின் பாக்கி பெயரளவிலாவது கழியக்கூடியது. வீரரோ கிளப்புக்கு ஒரு லிராகூடக் கடன்படாமலே, கழியாத கட்டுக்குள் இருந்தார். இந்தியாவில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. இத்தாலிய வீரரின் கட்டைப் படிப்படியாக அவிழ்த்த 91-ஆம் எண் சட்டம் 1981 மார்ச் 23-ஆம் நாளிடப்பட்டது என்பதையும், அதற்குப் பிறகும் வீரரை எடுக்கும் கிளப் பழைய கிளப்புக்கு ‘பயிற்சி ஈடு’ என்ற பெயரில் பணம் கட்டவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சட்டம் வந்த நாளும் விடுதலை வந்த நாளும் ஒன்றல்ல என்பது தெரியும். ஒப்பந்தம் முடிந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக்குப் போகும் வீரருக்கு விலை கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய வீரர் போஸ்மனின் வழக்கில் தீர்ப்பளித்தது 1995 டிசம்பர் 15-இல்தான்.

கட்டு இருந்த காலத்தில் வீரரை நகர்த்த இரண்டு வழிகள் வழங்கின. ஒன்று இரவல்: உடைமை பழைய கிளப்பிடம் இருக்க, ஆட்டம் மட்டும் வேறு ஊரில். மற்றொன்று இத்தாலிக்கே உரிய கூட்டுடைமை: வீரரின் பதிவில் பாதியை ஒரு கிளப் இன்னொன்றுக்கு விற்கும், குறித்த நாளில் இரண்டும் விலை பேசி ஒத்துப்போகாவிட்டால், தனித்தனியே தொகையை எழுதி ஒட்டிய உறையை ஒப்படைக்கும், கூடுதல் தொகை எழுதியவருக்கு முழு வீரரும் சொந்தம். 1978-இல் முன்கள வீரர் பாவ்லோ ரோஸ்ஸியின் உறைகள் திறக்கப்பட்டபோது, யுவெண்டஸ் 87.5 கோடி லிரா எழுதியிருந்தது. சின்ன ஊர்க் கிளப்பான விச்சென்சாவோ 261 கோடிக்கு மேல் எழுதியிருந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் 24 கோல் அடித்தவர் அவர் என்பது உண்மையே. ஆயினும் எதிராளி எழுதியதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுத்து வாங்கிய கிளப் அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட, ரோஸ்ஸி பெருஜாவுக்கு இரவல் போனார். அந்த ஏலத்தில் வாய் திறக்க உரிமையில்லாதவர் ரோஸ்ஸி ஒருவரே.

ரோஸ்ஸி பின்னாளில் உலகக்கோப்பையை வென்றவர். ஆகவே அலைந்தவர்களுக்குச் சரியான எடுத்துக்காட்டு அல்லர். அந்தப் பெயருக்குத் தகுதியானவர் தாரியோ ஹ்யூப்னர். திரியெஸ்டே நகரை அடுத்த முஜ்ஜாவில் 1967-இல் பிறந்து, அலுமினியக் கதவு, சன்னல் பொருத்தும் வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர் அணியில் ஆடிய அவர், பியெவிஜினா, பெர்கோக்ரேமா, ஃபானோ என்று கீழ்ப் பிரிவுகளின் வழியே ஒவ்வொரு படியாக ஏறி, செசேனாவில் ஐந்து ஆண்டுகள் இரண்டாம் பிரிவில் ஆடி, முதற்பிரிவான சீரி ஏ-யில் கால் வைத்தபோது அவருக்கு 30 வயது. அந்த முதல் ஆட்டம் 1997 ஆகஸ்ட் 31-இல் மிலானில் நடந்தது. பிரேசிலின் ரொனால்டோ இண்டர் அணிக்காக லீக்கில் இறங்கும் முதல் நாள் என்று அரங்கமே அவரைப் பார்க்கத் திரண்டிருந்த அன்று, கோல் அடித்துத் தம் பிரேஷியா அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர் ஹ்யூப்னர். ரெக்கோபா அடித்த இரண்டு கோல்களால் இண்டர் வென்றுவிட்டது. 2001–02 பருவத்தில் பியசென்சா அணிக்காக 24 கோல் அடித்து, யுவெண்டஸின் த்ரெஸகேயுடன் சமமாக முதலிடம் பெற்றபோது ஹ்யூப்னருக்கு 35 வயது நிறைந்திருந்தது. மூன்றாம், இரண்டாம் பிரிவுகளிலும் ஏற்கெனவே அதிக கோல் அடித்தவராக இருந்த அவரை நாட்டு அணி ஒருமுறைகூட அழைக்கவில்லை. அதன் பின் அன்கோனா, பெருஜா, மாந்தோவா என்று மறுபடியும் ஊர்மாறி, நாற்பது வயது தாண்டியும் சிற்றூர் அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வாழ்க்கை அரிது. திறமை இல்லாததால் அல்ல. சென்னை லீக்கின் முதுகெலும்பாக இருந்தவை இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., சுங்கத்துறை, வருமானவரித்துறை, ஏஜி அலுவலகம் போன்ற அலுவலக அணிகள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, அடுத்த பருவத்துக்கு உறுதியில்லாத கிளப் ஒப்பந்தத்தைத் தேடிப் போக எந்தக் குடும்பமும் சம்மதித்திருக்காது. போனவர்களும் உண்டு. தமிழ்நாட்டு முன்கள வீரர் ராமன் விஜயன் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடியவர், 1997–98 தேசிய லீக்கில் 10 கோல்களுடன் முதலிடமும் பெற்றவர். கொல்கத்தாவிலும் தாளே பேசியது: ‘டோக்கன்’ எனப்பட்ட பதிவு அட்டை எந்தக் கிளப்பின் கைக்குப் போகிறதோ, வீரரும் அங்கே என்பது நெடுநாள் நடைமுறை.

இத்தாலியத் தொழிலாளி தமிழ்நாட்டுக்கே வந்தது இந்தியன் சூப்பர் லீக்கால். 2014-இல் தொடங்கிய அந்த லீக்கில் சென்னையின் எஃப்.சி.க்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்த இத்தாலியர் மார்கோ மாட்டெரஸி, தம் நாட்டவரான நெஸ்டாவையும் பின்னர் பிளாஸி, பொடென்ஸா முதலியோரையும் அழைத்துவந்தார். 2015-இல் அணி கோப்பையையும் வென்றது. 2016-இல் வந்தவர் முன்கள வீரர் தவீதே சுச்சி. 1981-இல் போலோனியாவில் பிறந்த அவர், ரவென்னா, பலெர்மோ, சொந்த ஊரான போலோனியா, படோவா ஆகிய கிளப்புகளுக்கு ஆடிவிட்டு, ஹ்யூப்னர் வளர்ந்த அதே செசேனாவிலும் சில பருவங்கள் கழித்தவர். நெஸ்டாவைப் போல உலகறிந்த பெயருமல்ல, சுவரொட்டிக்கு உதவும் முகமுமல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரையே நீண்ட அந்தப் பருவத்தில் நடப்புச் சாம்பியனான சென்னை ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

இவ்வளவு குறுகிய லீக், அதே அணியின் இந்திய வீரர்களை இத்தாலியரையே மிஞ்சும் ஊர்மாறிகளாக்கியது. நாட்டின் மற்றொரு லீக்கான ஐ-லீக் வேறு மாதங்களில் நடந்ததால், ஒரே ஆண்டில் இலையுதிர் காலத்தில் ஒரு கிளப், புத்தாண்டுக்குப் பின் இன்னொன்று என்று ஆடவேண்டியிருந்தது. மிசோரம் முன்கள வீரர் ஜெஜே லால்பெக்லுவா சென்னைக்கும் மோகன் பகானுக்கும் மாறி மாறி ஆடி, இரண்டு லீக்குகளிலும் பட்டம் வென்றார். 2017–18 பருவத்தில் இரண்டு லீக்குகளும் ஒரே காலத்தில் நடக்கத் தொடங்கியதும் அந்த இரட்டைப் பிழைப்பு நின்றுபோனது. இத்தாலியிலோ கூட்டுடைமையை ஒழிக்கும் முடிவு 2014-இல் எடுக்கப்பட்டு, பழைய உறைகளின் கணக்கும் அடுத்த ஆண்டில் தீர்க்கப்பட்டது. இரவல் மட்டும் நிலைத்துவிட்டது. அதற்கும் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா 2022 முதல் எண்ணிக்கை வரம்பு விதித்து, நாடுவிட்டு நாடு போகும் இரவல்களைக் கிளப்புக்கு இத்தனைதான் என்று குறைத்துவிட்டது.