ஒரே ஊரில் இரண்டு டார்ட்மவுத்

அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா? பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீடுகளில் எல்லாம் ஓடுகிற விவாதம் இது. கட்டணம் எவ்வளவு, பேர் எப்படி, வேலை கிடைக்குமா என்று ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். ஒரே ஊரில், ஒரே பேரில், ஒரு அரசுப் பல்கலைக்கழகமும் ஒரு தனியார் கல்லூரியும் "நாங்கள்தான் அசல்" என்று மல்லுக்கட்டினால் மாணவன் என்ன செய்வான்? அமெரிக்காவில் ஹனோவர் என்ற சின்ன ஊரில் 1817-இல் இது நிஜமாகவே நடந்தது.

பி.காம். படிக்கும் எங்களுக்கு இந்தக் கதையின் வால் மட்டும் தெரியும். கம்பெனி சட்டப் பாடத்தில் முதல் சில பக்கங்களுக்குள் நீதிபதி ஜான் மார்ஷல் வந்துவிடுவார். கம்பெனி என்பது கண்ணுக்குத் தெரியாத, தொட முடியாத, சட்டத்தின் பார்வையில் மட்டுமே வாழ்கிற செயற்கை நபர் என்று இலக்கணம் சொல்வார். இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்த வரி அது. அது எந்த வழக்கில் வந்தது என்று தேடியபோதுதான், ஏதோ ஒரு வியாபார வழக்கு இல்லை, ஒரு கல்லூரியின் வழக்கு என்று தெரிந்தது.

நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் டார்ட்மவுத் கல்லூரி 1769-இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பேரில் வழங்கப்பட்ட சாசனத்தில் பிறந்தது. நிறுவியவர் எலியசர் வீலாக் என்ற பாதிரியார். நிர்வாகம் 12 அறங்காவலர்கள் கையில். ஓர் இடம் காலியானால் மிச்சமிருப்பவர்களே புது ஆளை நியமித்துக்கொள்வார்கள். 1779-இல் அவருடைய மகன் ஜான் வீலாக் தலைவரானார். அவருக்கும் அறங்காவலர்களுக்கும் சண்டை முற்றி, 1815-இல் அவரை நீக்கினார்கள்.

உள்வீட்டுச் சண்டை அரசியலானது. 1816-இல் கவர்னராக ஜெயித்த வில்லியம் பிளமர், தங்களைத் தாங்களே நியமித்துக்கொள்ளும் குழுவிடம் கல்வியை விட்டுவைப்பது குடியரசுக்குப் பொருந்தாது என்று வாதிட்டார். தாமஸ் ஜெபர்சனே அவரை ஆதரித்துக் கடிதம் எழுதினார். அந்த ஜூனில் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. கல்லூரியின் பேர் இனி டார்ட்மவுத் பல்கலைக்கழகம். அறங்காவலர்கள் 12 பேர் இல்லை, 21 பேர். அவர்களுக்கு மேலே 25 பேர் கொண்ட மேற்பார்வைக் குழு.

பழைய அறங்காவலர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1817 பிப்ரவரியில் பல்கலைக்கழகத் தரப்பு, கல்லூரித் தலைவர் பிரான்சிஸ் பிரவுனையும் அவரோடு நின்ற பேராசிரியர்கள் இருவரையும் நீக்கிவிட்டுக் கட்டடங்களைக் கைப்பற்றியது. கல்லூரி ஊருக்குள்ளேயே வாடகைக்கு இடம் பிடித்து வகுப்பைத் தொடர்ந்தது.

இப்போது மாணவன் இடத்தில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கட்டடம், அரசு முத்திரை, சட்டம். இன்னொரு பக்கம் வாடகை அறை, பணமில்லாத நிர்வாகம், நேற்று வரை பாடம் நடத்திய அதே ஆசிரியர்கள். வழக்கில் கல்லூரி தோற்றால், அது கொடுக்கும் பட்டம் செல்லுமா என்பதே கேள்வி. அப்படியும் பெரும்பாலான மாணவர்கள் வாடகை அறைக்குத்தான் போனார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தவர்கள் மிகச் சிலரே.

அந்த ஆண்டு நவம்பரில் மாணவர் சங்கங்களின் நூலகத்தைக் கைப்பற்ற, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆள் திரட்டி வந்து கதவை உடைத்தார்கள். மாணவர்கள் கூடி வந்து அவர்களையே மடக்கிவிட்டார்கள். அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெரிய வழக்கறிஞரான ரூபஸ் சோட்.

வழக்கு எதைப் பற்றி என்றால், காமர்ஸ் மாணவனுக்குச் சிரிப்பு வரும். கணக்குப் புத்தகங்கள்! பொருளாளர் வில்லியம் உட்வர்ட் பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்ந்தபோது சாசனம், முத்திரை, பதிவேடுகள், கணக்குப் புத்தகங்கள் எல்லாம் அவரிடமே இருந்தன. அவற்றைத் திருப்பித் தரச் சொல்லித்தான் அறங்காவலர்கள் வழக்குப் போட்டார்கள். மாநில நீதிமன்றத்தில் தோல்வி. கல்வி பொதுக் காரியம், ஆகவே கல்லூரியும் பொது நிறுவனமே என்றது தீர்ப்பு.

உச்ச நீதிமன்றத்தில் 1818 மார்ச்சில் வாதாடியவர் அதே கல்லூரியில் 1801-இல் பட்டம் பெற்ற டேனியல் வெப்ஸ்டர். 1819 பிப்ரவரி 2 அன்று தீர்ப்பு. கல்லூரிக்கு வெற்றி. சாசனம் என்பது ஒப்பந்தம், ஒப்பந்தத்தைக் கெடுக்கும் சட்டத்தை மாநிலம் போட முடியாது என்றார் மார்ஷல். செய்கிற காரியம் பொதுவானது என்பதாலேயே ஒரு நிறுவனம் அரசின் சொத்தாகிவிடாது. பல்கலைக்கழகம் மூடப்பட்டது. கல்லூரி ஜெயித்தது, கடனோடு. பிரவுன் அடுத்த ஆண்டே 36 வயதில் இறந்துபோனார்.

இந்தத் தீர்ப்பை முழுக்க மெச்ச எனக்கு மனமில்லை. பிளமர் கேட்ட கேள்வி நியாயமானது. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு குழுவிடம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பை எப்படி ஒப்படைப்பது? அவர் தேர்ந்தெடுத்த வழிதான் தப்பு. மற்றவர் கட்டியதை எடுத்துப் பேர் மாற்றுவது வேறு, அரசு தன் பணத்தில் தானே கட்டுவது வேறு. ஜெபர்சனின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு அந்த மாநிலம் அனுமதி தந்ததும் அதே 1819-இல்தான். நியூ ஹாம்ப்ஷயர் 1866 வரை காத்திருந்து ஒரு விவசாயக் கல்லூரி தொடங்கியது, அதுவும் ஹனோவரிலேயே, டார்ட்மவுத்தின் பக்கத்தில்! 1893-இல் அது டர்ஹாமுக்குப் போய், 1923-இல் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் ஆனது.

அரசு, தனியார் என்ற கோட்டை இவ்வளவு அழுத்தமாகப் போட்டதே அந்தத் தீர்ப்புதான். ஹனோவர் மாணவர்கள் முடிவெடுத்தபோது அந்தக் கோடு இல்லை. தங்களுக்குப் பாடம் நடத்துகிறவர் எங்கே போனாரோ அங்கே போனார்கள். தீர்ப்பு மாறியிருந்தால் இரண்டு வருடப் படிப்பு வீணாகியிருக்கும். அந்தத் தைரியம் எனக்கு இருந்திருக்குமா, தெரியாது.

ஆனால் இனி யாராவது "அரசா, தனியாரா" என்று கேட்டால், முதலில் திருப்பிக் கேட்க எனக்கு இரண்டு கேள்விகள் கிடைத்துவிட்டன. அங்கே பாடம் நடத்துகிறவர் யார்? நிர்வாகம் தப்புச் செய்தால் யாருக்குப் பதில் சொல்லும்?