சாதிவிலக்கில் மூன்றாமவர்: சமூகக் கண்டனம் தண்டனையாகும் இடம்

ஒருவரின் நடத்தையை ஏற்க மறுப்பதும் அவரோடு பழகாமல் ஒதுங்குவதும் எவருக்கும் உள்ள உரிமை. தனித்தனியே குற்றமற்ற இச்செயல்கள் ஊர்விலக்காகத் திரளும்போது எப்படித் தண்டனையாகின்றன? வெறுப்பு முற்றுவதாலோ ஆள்பலம் கூடுவதாலோ அன்று. கண்டிக்க விரும்பாத மூன்றாமவரையும் கண்டிக்கக் கட்டாயப்படுத்துவதால்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்குத் தெளிவான சான்று காந்தியின் தன்வரலாற்றில் உள்ளது. 1888-இல் சட்டம் படிக்க இங்கிலாந்து புறப்பட்ட 18 வயது இளைஞரை, கடற்பயணத்தை ஏற்காத அவருடைய மோத் பனியா சாதியின் பம்பாய்க் கூட்டம் சாதியிலிருந்து விலக்கியது. தலைமை தாங்கிய சேட் (சாதித் தலைவர்) அவருடைய தூரத்து உறவினர். தந்தையோடு நல்லுறவு கொண்டிருந்தவர். தீர்ப்பின் கூர்மை அதன் பிற்பகுதியில் இருக்கிறது: அவருக்கு உதவுபவரும் துறைமுகம் சென்று வழியனுப்புபவரும் 1 ரூபாய் 4 அணா தண்டம் கட்ட வேண்டும். பயணப் பணத்தை வைத்திருந்த மைத்துனர் அதைத் தர மறுத்தார். அவரைத் தடுத்தது கடற்பயணம் பற்றிய கொள்கையன்று, தம் சாதியை இழக்கும் அச்சமே. 1891-இல் காந்தி திரும்பிய பின்னும் சாதியின் ஒரு பிரிவு விலக்கை நீக்கவில்லை. அதனால் மாமியார் வீட்டிலும் தமக்கை வீட்டிலும் அவர் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத நிலை. மறைவாகக் கட்டுப்பாட்டை மீற அவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். மறைவாகச் செய்வதற்கு அவர்தான் இசையவில்லை. விலக்கை நடைமுறைப்படுத்தியோர் பலருக்கும் அதில் உடன்பாடே இல்லை என்பது இங்கு வெளிப்படுகிறது.

1859-இல் வெளியான 'சுதந்திரம் பற்றி' நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில், பிறர் இயல்பாக ஒதுங்குவதால் ஒருவருக்கு நேரும் இழப்பையும் தண்டிக்கும் நோக்கத்தோடு இழைக்கப்படும் இழப்பையும் வேறுபடுத்தினார். பிழைப்பை மறிப்பது சிறையிடுவதற்கு ஒப்பானது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். ஆனால் ஒதுங்கும் ஒவ்வொருவரும் தாமே முடிவெடுக்கிறார் என்பது அவ்வேறுபாட்டின் அடிப்படை. மைத்துனருக்குத் தண்டிக்கும் நோக்கம் இல்லை. அவரது விலகல் இயல்பானதும் அன்று. மில்லின் இரு வகைகளிலும் அவர் அடங்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. கட்டுப்பாடு இல்லாவிட்டால் எளியோரின் புறக்கணிப்பு வெல்லாது. 1880-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் நில முகவர் பாய்காட்டைக் குடியானவர்கள் புறக்கணித்தார்கள். படைகளின் காவலில் வெளியாட்கள் வந்தே அவருடைய விளைச்சலை அறுவடை செய்ய முடிந்தது. அரசே காவல் நின்ற ஒருவரையும் ஊர்விலக்குக்கு உள்ளான, பொதுக் கிணற்றை நம்பி வாழும் குடும்பத்தையும் ஒரே தராசில் நிறுத்த இயலாது. புறக்கணிப்புக்கு உள்ளாகுபவரின் வலிமையைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அக்கணக்கு மூன்றாமவர் மீதான கட்டாயத்தை நியாயப்படுத்தாது. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் காந்தி, விருந்துக்கு அழைக்காதிருப்பது வேறு, மருத்துவம் போன்ற இன்றியமையாச் சேவையைத் தடுப்பது வேறு என்று பிரித்தார். அந்த எல்லையைச் சேவைகளோடு நிறுத்தாமல், அவற்றைத் தர விரும்புவோரின் உரிமைக்கும் நீட்ட வேண்டும்.

நீதிமன்றங்கள் சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகின. சாதி, சமய விலக்கைத் தடைசெய்த 1949-ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டம் செல்லாது என, தாவூதி போரா என்னும் முஸ்லிம் பிரிவின் தலைவர் தொடுத்த வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமயக் காரணத்துக்காக உறுப்பினரை விலக்குவது, தன் சமய விவகாரங்களை நடத்திக்கொள்ளும் பிரிவின் உரிமை என்றது பெரும்பான்மை. தலைமை நீதிபதி பி. பி. சின்ஹா மாறுபட்டார். 2023-இல் இவ்வுரிமை பற்றிய வினா ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இதற்கிடையே மகாராஷ்டிரம் 2016-இல் இயற்றிய சட்டம் சமூகப் புறக்கணிப்புக்கு மூன்றாண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்தது.

மூன்றாமவரை மையத்தில் வைத்தால் பிரிவின் உரிமைக்கும் உறுப்பினரின் உரிமைக்கும் இடையிலான இம்மோதல் பெருமளவு தளரும். 'நீ எங்கள் உறுப்பினன் அல்லன்' என்று ஒரு குழு அறிவிக்கலாம். 'உன்னோடு உண்ணும் தாயையும் விலக்குவோம்' என்று சொல்ல அதற்கு உரிமையில்லை. கண்டிக்க மறுப்பவருக்கு இழப்பு விளைவிக்கும் ஆணையே சட்டம் தேடவேண்டிய குற்றம். விலக்கப்பட்டவரின் துயரை மட்டும் அளக்கும் சட்டம், அச்சத்தால் கதவடைத்தவரையும் அடைக்கச் சொன்னவரையும் ஒரே கூண்டில் ஏற்றிவிடும்.