வில்வண்டியும் அம்பாசடரும்: நாமே கழட்டலாமா?

போன வாரம் மரவள்ளிக்கு உரம் வாங்கிக்கிட்டு கச்சிராயபாளையத்துலேர்ந்து திரும்பும்போது, முன்பக்க இடது சக்கரத்துல 'கடக் கடக்'னு சத்தம். நம்ம வண்டி பழைய டீசல் அம்பாசடர். வீட்டுக்கு வந்து பார்த்தா, இடது பக்கம் ரெண்டு விரக்கடை தாழ்ந்து நிக்குது. டயரும் ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு. ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினேன். நல்லா ஆட்டம் இருக்கு.

மெக்கானிக் கூலியைக் கேட்டா தலை சுத்துது. "அந்தக் காலத்துல எல்லாத்தையும் நாமளே செஞ்சுக்கல?" அப்படின்னு மனசு சொல்லுச்சு. சாவியெல்லாம் எடுத்து வச்சுட்டு, அந்தக் காலத்தைக் கொஞ்சம் நெனச்சுப் பார்த்தேன்.

எங்க தாத்தாகிட்ட இருந்தது கட்டை வண்டி. பள்ளத்துல இறங்கினா முதுகெலும்புல தெரியும். வசதியான வீட்லதான் வில்வண்டி. அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவுல வளைஞ்ச இரும்புப் பட்டைங்க இருக்கும், அதுதான் வில்லு. இங்கிலாந்துல ஒபதையா எலியட்னு ஒருத்தர் 1804-லயே இந்த மாதிரி பட்டை வில்லுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கார்.

அப்புறம் ஜீப்பு. மகேந்திரா கம்பெனி 1947-லேர்ந்து வில்லிஸ் ஜீப்பை இங்க பூட்டி வித்தாங்க. அதுக்கும் முன்னாடி பின்னாடி ரெண்டுமே பட்டைதான். நம்ம கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகிர்தாருங்க கையில இருந்துச்சு. அரசாங்கம் எடுத்த பின்னாடியும் ரோடு மெதுவாத்தான் வந்துச்சு. அந்தக் கரடுல பட்டை ஒடிஞ்சா டிரைவரே கட்டையை முட்டுக்குடுத்து, கயித்தால இறுக்கி, வண்டியைக் கீழ கொண்டாந்துடுவாராம். ஒடிஞ்ச பட்டையும் வீண் போகாது, கொல்லர் பட்டறையில அருவாளா மாறிடும்.

அம்பாசடர் சமாச்சாரம் வேற. 1956-ல வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-தான் அதுக்கு மூலம். பிர்லாவோட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கம் உத்தர்பாராவுல 2014 வரைக்கும் செஞ்சாங்க. பின்னாடி பட்டைதான். ஆனா முன்னாடி டார்ஷன் பார், அதாவது நீளமான உருக்குக் கம்பி. ஈரத்துணியைப் பிழியற மாதிரி, சக்கரம் ஏறும்போது கம்பி முறுக்கிக்கும், இறங்கும்போது திரும்பும். 1948-லயே மோரிஸ் மைனர் காருக்கு இதே ஏற்பாட்டை வச்சவர் அலெக் இசிகோனிஸ். பின்னால மினி காரை உருவாக்கினவரும் அவர்தான்.

பட்டை ஒடிஞ்சா கண்ணுக்குத் தெரியும். கம்பிக்குள்ள இருக்கிற முறுக்கு தெரியாது. வண்டி சும்மா நிக்கும்போதும் முன்பாரம் மொத்தத்தையும் அதுதான் தாங்குது. முறையா இறக்காம போல்ட்டைக் கழட்டினா, சக்கரம் தாங்குற கை சடார்னு அடிச்சு விரலை எடுத்துடும். அரைகுறையா மாட்டினா வெள்ளிமலை வளைவுல சக்கரம் சாஞ்சுடும்.

இதெல்லாம் யோசிக்கையில எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. சந்தைக்குக் கிளம்புமுன்ன அச்சாணியைத் தானே தட்டிப் பார்ப்பார். மசகும் அவரேதான் போடுவார். ஆனா சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏத்தணும்னா, ஒரு நாளும் அவர் கை வச்சதில்ல. அது ஆசாரி வேலை. ஆக, 'அந்தக் காலத்துல எல்லாம் நாமளே செஞ்சோம்'கிறது முழு உண்மை இல்லீங்க. எது நம்ம வேலை, எது ஆசாரி வேலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, அவ்வளவுதான்.

நடுராத்திரி எங்க தெருவுல யாருக்காவது பிரசவ வலின்னா, முதல்ல தட்டுறது என் வீட்டுக் கதவைத்தான். அதனால கிரீஸ் அடிக்கிறது, ஷாக் அப்சர்பர் மாத்துறது, டயர் தேய்மானம் பார்க்கிறது எல்லாம் என்னோட வேலை. டார்ஷன் பாரும், சக்கரம் திரும்புற முட்டும் கைதேர்ந்தவர் வேலை.

ஆட்டம் கண்ட சக்கரத்தோட ஓட்ட வேண்டாம்னு மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிட்டேன். பக்கத்துல உட்கார்ந்து சாவி எடுத்துக் குடுத்தேன். கழட்டுமுன்ன கம்பியில சுண்ணாம்பால கோடு போட்டுக்கிட்டார். இந்தப் பக்கக் கம்பியை அந்தப் பக்கம் மாட்டக் கூடாதாம், ஒரு திசைக்குப் பழகின முறுக்காம். இத்தனை வருசம் ஓட்டியும் எனக்கு இது தெரியாது. நல்லவேளை, நான் கழட்டல.