பட்ஜெட்டுக்குள் ஒரு படுக்கை

போன மாதம் தென்காசியிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். பாம்பே போஸ்டிங்காம். "மாமா, தங்கறதுக்கு எவ்வளவு ஒதுக்கணும்? பன்னெண்டாயிரத்துக்குள்ள முடியுமா?"

அதே வாரம் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் தென்னாப்பிரிக்காவில் சஃபாரி போக லாட்ஜ் தேடிக்கொண்டிருந்தார். க்ரூகர் காட்டில் அரசாங்க முகாம் என்றால் மலிவு, தனியார் லாட்ஜ் என்றால் ஒரு ராத்திரிக்கே மாதச் சம்பளம் போய்விடுமாம். ஆனால் ஒன்று, காட்டில் காசு கட்டினால் கட்டில் கிடைக்கும். பாம்பேயில் காசுக்கு முன்னால் வேறு கேள்விகள் வரும். எந்த ஊர், என்ன சாப்பிடுவீங்க, கல்யாணம் ஆயிடுச்சா...

நான் இருப்பது சுனாபட்டியில். மராத்தியில் சுனா என்றால் சுண்ணாம்பு, பட்டி என்றால் சூளை. குர்லாவுக்கும் சயனுக்கும் நடுவே, ஹார்பர் லைனில் பலர் தூங்கிக்கொண்டே தாண்டிப் போகும் ஸ்டேஷன். 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது இந்தத் தடத்தில்தான். ஜம்ஷெட்ஜி டாடா 1886-ல் நொடித்துப்போன ஒரு ஆலையை வாங்கி சுதேசி மில் என்று பெயர் வைத்ததும் இந்தப் பக்கம்தான். மில் மூடிவிட்டது, பெயர் மட்டும் ரோட்டில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலை தேடி வந்தவன் எங்கே படுத்தான் என்பதே இந்த ஊரின் பாதிச் சரித்திரம். 1896-ல் பிளேக் வந்தது. நெருக்கடிதான் காரணம் என்று 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா மனைகளெல்லாம் அப்போது திட்டம் போட்டவை. மில் தொழிலாளிக்கு 1920-களில் பி.டி.டி. சால்கள் வந்தன, ஒரு அறை 160 சதுர அடி, கக்கூஸ் பொது. அந்த அறையிலும் ஒரு குடும்பம் மட்டும் இருந்ததில்லை. கொங்கணிலிருந்து வந்த ஆண்கள் ஊர்க்காரர்களாகச் சேர்ந்து ஒரே அறையில் ஷிப்டு மாற்றி ஷிப்டு படுத்தார்கள். சாப்பாட்டுக்கு 'கானாவல்' என்று பெண்கள் வீட்டிலேயே சமைத்துப் போட்டார்கள். கோவாக்காரர்களுக்கு தோபி தலாவ் பக்கம் 'குட்' என்ற ஊர்க் கிளப்புகள். கப்பல் வேலைக்குக் காத்திருக்கிறவன் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து தன் கிராமத்துக் கிளப்பில் இறங்கிக்கொள்வான்.

நம் ஆட்களுக்கு தாராவியில் பொங்கல் வீடு. என் பெரியப்பா 1964-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் ஷாப்பு வேலைக்கு வந்து இறங்கியது அப்படி ஒன்றில்தான். தைப்பொங்கலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "பொங்கித் திங்கிற வீடுல, அம்புட்டுதான்" என்பார். ஒரு அறை, இருபது பேர். பெட்டி வைக்கச் சுவரோரம் இடம், படுக்க ஒரு பாய். வெயில் காலத்தில் பாதிப்பேர் சந்தில் படுத்துக்கொள்ளலாம், மழைக்காலத்தில் உட்கார்ந்தே தூங்க வேண்டும். மாதக் கடைசியில் அரிசி, மண்ணெண்ணெய், சமைப்பவர் கூலி, வாடகை எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார்கள். வேலை கிடைக்காதவன் பேரில் இரண்டு மாதம் கணக்கே எழுத மாட்டார்களாம். எந்த லாட்ஜ்காரன் இப்படிச் செய்வான்?

ஆனால் பெரியப்பா சொல்லாமல் விட்டதும் உண்டு. ஒரு பொங்கல் வீட்டில் ஒரு ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அது ஊரில் ஒரு தெரு. அடுத்த தெருக்காரனுக்கு அடுத்த சந்து.

மாட்டுங்காவின் கதை வேறு. குமாஸ்தா, ஸ்டெனோ, கணக்கர் வேலைக்கு வந்த தமிழர்கள் 1920, 30-களில் அங்கே குடியேறினார்கள். சாலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், குளியலறை. அன்றைக்கு அது பெரிய புதுமை. 1932-ல் எஸ்.ஐ.இ.எஸ். பள்ளிச் சங்கம், 1942-ல் ஸ்டேஷனை ஒட்டி ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். பெயரில்தான் போர்டிங், கிடைப்பது சாப்பாடு மட்டும். (புதிதாக வந்த ஒருவர் பெட்டியோடு போய் ரூம் கேட்டார். அது நான்தான் என்று சொல்லத் தேவையில்லை.)

அப்புறம் வந்தது சட்டம். 1947-ன் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் முழுப்பெயரில் ஹோட்டல், லாட்ஜிங் ஹவுஸ் கட்டணங்களும் சேர்த்தி! 1940 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ அதுவே நியாய வாடகை என்று உறைய வைத்தார்கள். உள்ளே இருந்தவனுக்கு யோகம். வெளியே நின்றவனுக்கு? வாடகைக்கு விட யாரும் கட்டவில்லை, பழையதை யாரும் பழுதும் பார்க்கவில்லை. அறை கைமாற வேண்டுமானால் 'பகடி' என்று மொத்தமாக ஒரு தொகை. 1973-ல் இன்னொரு திருத்தம்: அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று லைசென்ஸில் இருந்தவர்களெல்லாம் குடித்தனக்காரர்களாகவே கருதப்படுவார்கள் என்றது. வீட்டுக்காரர்கள் அரண்டுபோனார்கள். யாரையும் 11 மாதத்துக்கு மேல் வைக்காதே என்பது வேதமானது. தன் வீட்டில் தான் இருந்துகொண்டே ஒரு பகுதியைக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் நிம்மதி, 'பேயிங் கெஸ்ட்' என்று சட்டத்திலேயே அதற்கு விளக்கம் இருந்தது. 2000 மார்ச் 31 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. பயம் போகவில்லை.

நான் 1998-ல் வந்தேன். சம்பளம் ஐயாயிரத்து ஐந்நூறு. தாராவியில் பெரியப்பா இருந்தார். "இங்கன வந்து இருலே" என்றார். படித்தவனுக்கு தாராவி விலாசமா என்று எனக்கு வெட்கம். மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டில் ஒரு கட்டில், மாதம் 1,400, பதினோரு மாதம். அட்வான்ஸ் கொடுக்கும்போது கேட்டார், "உங்க ஊர்ல எந்தத் தெருப்பா?" நான் எங்கள் தெருவைச் சொல்லவில்லை. வேறொரு தெருவைச் சொன்னேன். அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது. காலையில் காபிகூடக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஊரிலிருந்து வந்த முறுக்கை எடுத்துக்கொண்டு நடந்தே வந்தார். ஜன்னலில் பார்த்துவிட்டு நான் கீழே ஓடினேன். "மேல வாங்க" என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்றே பேசினோம். பையைக் கையில் கொடுத்துவிட்டு, "நல்ல எடமாத்தான் புடிச்சிருக்கே" என்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். பதினோரு மாதம் முடிந்ததும் நான் சுனாபட்டியில் ஒரு சால் அறைக்கு வந்தேன். இங்கே கக்கூஸுக்கு வரிசையில் நின்றேன். தெரு பற்றி யாரும் கேட்கவில்லை, மராத்திக்காரர்களுக்கு நம் தெருக்கள் தெரியாது. பெரியப்பா அந்த அறைக்குப் பல தடவை வந்து மீன் குழம்பு வைத்திருக்கிறார்.

அக்கா மகனுக்கு வருகிறேன். புரோக்கர் செம்பூரில் ஒரு ஷேரிங் ஃபிளாட் காட்டினாராம், பதினோராயிரம், பட்ஜெட்டுக்குள். முந்தாநாள் ராத்திரி மறுபடி போன். குரல் இறங்கியிருந்தது. "மாமா, ஃபிளாட்காரர் தமிழ்தான். ஊர்ல எந்தத் தெருன்னு கேக்காரு. என்ன சொல்லட்டும்?"

"நம்ம தெருவைச் சொல்லு. வேண்டாம்னா நேரா இங்க வா, ஹால்ல பாய் கிடக்கு" என்றேன்.

நேற்று மாலை ஒரு பெட்டியோடு வந்துவிட்டான். என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை. காலை 7.20 லோக்கலுக்குப் போக வேண்டுமாம், அலாரம் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான்.