நம்ம ஊர் பேரைச் சுமக்கும் ஒரு நோய்ச்சொல்

1/ மருத்துவ அகராதியில மதுரை பேரோட ஒரு நீளமான சொல் இருக்கு, தெரியுமா? 'மதுரோமைகோசிஸ்'. வாயில நுழையலைன்னா பிரிச்சுப் படிங்க: மதுரோ-மை-கோ-சிஸ். அழுத்தம் 'கோ' மேல.

2/ பிரிச்சா பொருளும் வந்துடும். வெள்ளைக்காரங்க நம்ம ஊரை 'மதுரா'ன்னு எழுதினாங்க, அதுதான் மதுரோ. 'மைகோ' கிரேக்கத்துல பூஞ்சை. 'ஓசிஸ்'னா நோய். ஆக, மதுரைப் பூஞ்சை நோய்.

3/ ஊர் பேர் எப்படி ஒட்டுச்சு? 1842-ல் மதுரையில் பணியாற்றிய கம்பெனி காலத்து மருத்துவர் கில், பாதம் வீங்கி உருக்குலைந்து வந்தவர்களைப் பார்த்து, இது தனி நோய் என்று பதிவு செய்தார். 1846-ல் கோல்புரூக் அதை 'மதுராக் கால்' என்றார்.

4/ 1860-ல் பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர், காரணம் பூஞ்சை என்றார். 'மைசெட்டோமா', அதாவது பூஞ்சைக் கட்டி என்ற பெயரும் அவர் கொடுத்ததுதான். உலகமே படிக்கிற 'கிரேஸ் அனாட்டமி'க்குப் படம் வரைந்தவர் இவரே! 1905-ல் ஒரு பூஞ்சை இனத்துக்கே 'மதுரெல்லா'ன்னு பேர் வச்சாங்க. 'குட்டி மதுரை'ன்னு சொல்லலாம்.

5/ ஆனா இந்தச் சொல்லில் ரெண்டு பாதியும் பாதி உண்மைதான். இது மதுரைக்கு மட்டுமான நோய் இல்லை. சூடான், மெக்சிகோவிலும் நிறைய உண்டு. காரணம் எப்பவும் பூஞ்சையும் இல்லை. பாக்டீரியாவாலும் இதே நோய் வரும்.

6/ இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லைங்க. பாக்டீரியா வகைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை, ஊசி நல்லா கேட்கும். பூஞ்சை வகைக்குப் பல மாதம் பூஞ்சைக்கொல்லி மாத்திரை, பல நேரம் அறுவை சிகிச்சையும் வேணும். பேரை நம்பி மருந்து கொடுக்க முடியாது. புண்ணுல வர்ற குருணையையோ சதைத் துண்டையோ சோதிச்சுத்தான் முடிவு பண்ணணும்.

7/ வெறுங்காலோட வயல்ல, கருவேலங்காட்டுல நடக்கும்போது முள் குத்துது. கிருமி அது வழியா மண்ணுல இருந்து உள்ளே போகுது. மெதுவா கட்டி வளரும், அப்புறம் துளைகள், அதுல கறுப்பு, வெள்ளை, சிவப்பு நிறத்துல குருணை. பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலதான் வருஷக்கணக்கா விட்டுடுறாங்க. அதுக்குள்ள எலும்பு வரைக்கும் அரிச்சிருக்கும். சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வருது.

8/ 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்த்தது. முதலில் பதிவான ஊர்க்காரங்க நாம புறக்கணிக்கக் கூடாது. காட்டு வேலைக்குச் செருப்போ பூட்ஸோ போட்டுப் போங்க. வலிக்காத கட்டி காலில் ஆறாம இருந்தா, 'யானைக்கால்'னு நீங்களே முடிவு பண்ணாம, பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்க.

வீட்டுல விவசாயம் பாக்குறவங்க இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க.