பக்கத்து வீட்டுக்கு வந்தவர் யார்? அதை யார் சொல்வது?

கிராண்ட்பாஸில் ஒரு வீடு வாடகைக்குப் போனால், சாமான் இறக்கிய லொறி திரும்புவதற்குள் வந்தவர் யார், எந்த ஊர், என்ன வேலை என்று தோட்டத்துக்கே தெரிந்துவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய வாழ்க்கை. ஆனால் வந்தவர் வேறொரு ஊரில் ஒரு பிள்ளையைத் துஷ்பிரயோகம் செய்து தண்டனை பெற்றவர் என்றால்? அதை அக்கம்பக்கத்துக்கு அறிவிக்கும் ஏற்பாடு இலங்கைச் சட்டத்தில் இல்லை.

"இவனுங்கட பேரையும் படத்தையும் போடணும்" என்ற குரல் ஒவ்வொரு கொடூரத்துக்குப் பிறகும் எழும். நியாயமான கோபம்தான். ஆனா இந்தக் கோரிக்கைக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு இருக்கு. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் சரியானதைக் கேட்கலாம்.

தண்டனை பெற்ற பாலியல் குற்றவாளிகளைப் பொலிஸ் பதிவேட்டில் வைக்கும் வழக்கத்தை அமெரிக்காவின் கலிபோர்னியா 1947இலேயே தொடங்கிவிட்டது. அந்தப் பதிவேடு பொலிஸ் கையில் இருந்தது. அதை ஊருக்கும் திறந்துவிட்டது நியூஜெர்சியில் நடந்த ஒரு கொலை. 1994 ஜூலையில் மேகன் கான்கா என்ற ஏழு வயதுச் சிறுமியை எதிர்வீட்டுக்காரன் கொன்றான். சிறுவர்கள் மீதான குற்றங்களுக்காக அவன் முன்பே இரண்டு தடவை தண்டனை பெற்றவன். தெருவில் யாருக்கும் அது தெரியாது. "தெரிந்திருந்தால் என் பிள்ளை உயிரோடு இருந்திருக்கும்" என்ற பெற்றோரின் வாதத்துக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? மூன்று மாதத்திலேயே நியூஜெர்சியில் சட்டம் வந்தது. 1996 மே மாதம் அது 'மேகன் சட்டம்' என்ற பெயரில் நாடு முழுவதற்கும் வந்தது. பிறகு பெயர், படம், முகவரி எல்லாம் இணையத்தில் ஏறின.

பலன்? அதே நியூஜெர்சியில் 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தச் சட்டத்தால் மறுபடி பாலியல் குற்றம் செய்வது குறைந்ததாகக் காட்ட முடியவில்லை என்றது. 2011இல் பிரெஸ்காட், ரொக்கொஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். பொலிஸ் கையில் இருக்கும் பதிவேடு குற்றங்களைக் குறைக்கிறது. ஊருக்கே அறிவிப்பதோ, பதிவானவர்கள் மறுபடி குற்றம் செய்வதைக் கூட்டக்கூடும். இதுதான் அவர்கள் கண்டது. வீடு, வேலை, உறவு எல்லாம் போனவனுக்கு இழக்க என்ன இருக்கு என்று யோசித்தால் இது புரியும்.

பிரித்தானியா வேறு பாதையில் போனது. 2000 ஜூலையில் சாரா பெய்ன் என்ற எட்டு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' பத்திரிகை குற்றவாளிகளின் பெயர்களையும் படங்களையும் அச்சிடத் தொடங்கியது. ஓகஸ்ட்டில் போர்ட்ஸ்மவுத் நகரின் போல்ஸ்குரோவ் குடியிருப்பில் கூட்டம் கூடி வீடுகளைத் தாக்கியது. எந்தக் குற்றமும் செய்யாத குடும்பங்களும் வீட்டை விட்டு ஓடின. வேல்ஸில் ஒரு குழந்தை மருத்துவரின் வீட்டு முகப்பில் வசை எழுதினார்கள். ஆங்கிலத்தில் குழந்தை மருத்துவரைக் குறிக்கும் சொல்லும் சிறுவர் மீது பாலியல் நாட்டம் உள்ளவரைக் குறிக்கும் சொல்லும் ஒரே மாதிரித் தொடங்கும். அவ்வளவுதான் காரணம்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு வந்ததுதான் 'சாரா சட்டம்'. 2008இல் சில இடங்களில் பரீட்சித்து, 2011இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கக் கொண்டு வந்தார்கள். இங்கே பட்டியல் ஊருக்குப் போகாது. "என் பிள்ளையோட பழகுற இந்த ஆள் எப்படி?" என்று பெற்றோர் பொலிஸிடம் கேட்கலாம். ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால், பிள்ளையைக் காக்கக்கூடியவருக்கு மட்டும் பொலிஸ் சொல்லும். அவர் அதை வெளியே பரப்பக் கூடாது.

இந்தியா 2018 செப்டம்பரில் தொடங்கிய பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தில் ஆரம்பத்திலேயே 4.4 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தன. அதையும் பொலிஸ் போன்ற சட்ட அமுலாக்க அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம்.

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. பாலுறவுக்குச் சம்மதிக்கும் வயது 12இலிருந்து 16 ஆனது. குறைந்தபட்சத் தண்டனைகள் வந்தன. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமானது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை உருவாக்கியது. 2008இல் உயர் நீதிமன்றம், குறைந்தபட்சத் தண்டனையை விடக் குறைவாக விதிக்கவும் நீதிபதிக்கு இடமுண்டு என்றது. ஒருவரையொருவர் காதலித்த பதின்ம வயதினரின் வழக்குகளில் அது நியாயம்தான். ஆனால் வளர்ந்த ஆட்களுக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைக்க வழி திறந்தது. அதாவது, குற்றவாளி என்று தீர்ப்பானவர் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். அடுத்த மாதம் வேறு தெருவில் டியூஷன் போர்டும் மாட்டலாம்.

அப்ப லிஸ்ட் போட்டால் சரியா? 2015 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். கொட்டதெனியாவவில் ஒரு சின்னஞ்சிறுமி கொல்லப்பட்டபோது முதலில் பிடிபட்டவர்களில் ஒருவன் 17 வயதுப் பாடசாலை மாணவன். டி.என்.ஏ. பொருந்தவில்லை. பொலிஸார் தன்னைச் சித்திரவதை செய்ததாக அவன் சொன்னான். அடுத்துப் பிடிபட்டவரின் படம் நாடெங்கும் பரவியது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் செய்தி வந்தது. கடைசியில் டி.என்.ஏ. பொருந்தியது அவருடைய சகோதரனுக்கு. 2016 மார்ச்சில் மரண தண்டனை பெற்றவனும் அந்தச் சகோதரன்தான். படம் முந்தி, உண்மை பிந்தி வந்த கதை இது. ஒரே முடுக்கில் நூறு குடும்பம் இருக்கிற நம்ம பகுதியில் அப்படி ஒரு படம் வட்ஸ்அப்பில் வந்தால், அந்த ஆளோட பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்ன நடக்கும்? அந்தக் குற்றவாளி தன் வீட்டுப் பிள்ளையையே துஷ்பிரயோகம் செய்தவன் என்றால், அவன் படத்தைப் போட்டாலே பாதிக்கப்பட்ட பிள்ளை யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடாதா?

இன்னொன்று: பட்டியலில் இருப்பவர் தண்டனை பெற்றவர் மட்டும்தான். சிறுவர் துஷ்பிரயோக வழக்குகள் வருஷக்கணக்கில் இழுபடும் நாட்டில் அந்தப் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். பெரும்பாலும் பிள்ளையைத் துஷ்பிரயோகம் செய்பவர் பிள்ளைக்குத் தெரிந்தவர்: மாமா, மாஸ்டர், குடும்ப நண்பர். புதிதாகக் குடிவந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தால் இவர்கள் கண்ணில் பட மாட்டார்கள்.

அதனால் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பொலிஸ் பொறுப்பில் ஒரு பதிவேடும், பெற்றோர் கேட்டால் பதில் சொல்லும் கடமையும். இரண்டாவது, டியூஷன், ஸ்கூல் வேன், அறநெறிப் பாடசாலை, விளையாட்டுப் பயிற்சி என்று பிள்ளைகளோடு வேலை செய்யும் எவருக்கும் அந்தப் பதிவேட்டில் கட்டாயப் பரிசோதனை. வெளிநாட்டு வேலைக்குப் போகப் பொலிஸ் ரிப்போர்ட் எடுக்க வரிசையில் நிற்கிறோம். நம்ம பிள்ளையை ஒப்படைக்கிற மாஸ்டரிடம் அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

சட்டம் வரும் வரைக்கும் 1929 இருக்கிறது, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 24 மணி நேர இலக்கம். சந்தேகம் வந்தால் குரூப்பில் படம் போட வேண்டாம். அந்த இலக்கத்துக்கு எடுங்கள்.